வோட்டு ஆருக்கு என்று எல்லாரும் சொன்னார்கள், எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை

2024 நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 32,767. வாக்களித்தவர்கள் மொத்தம் 358,079 பேர். நூற்றுக்கு ஒன்பது பேர் வரிசையில் நின்று, விரலில் மை பூசிக்கொண்டு, மறைப்புக்குள் போய், ஒன்றுக்கும் உதவாத சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்தரைச் சொச்சம்தான். இன்னும் உறைக்கிற மாதிரிச் சொல்கிறேன். அந்தத் தேர்தலில் சைக்கிள் சின்னத்தில் நின்ற தமிழ்க் காங்கிரசுக்கு விழுந்தது 27,986 வாக்கு, ஊசிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழுவுக்கு 27,855. இரண்டுக்கும் ஆளுக்கொரு ஆசனம் கிடைத்தது. செல்லாத வாக்கெல்லாம் சேர்ந்து ஒரு கட்சியாக இருந்திருந்தால் அதுதான் மாவட்டத்தின் மூன்றாவது பெரிய கட்சி, எம்.பி. ஒருவர் நிச்சயம்.

இதைக் கடையில் வைத்து யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற பதில், "அது வேணுமெண்டு பழுதாக்கினதாய் இருக்கும்" என்பதுதான். இருக்கும். குறுக்கே கோடு கிழிப்பவர்கள், வாய்க்கு வந்ததை எழுதிவிட்டு வருபவர்கள், வந்த கோபத்தில் எல்லாச் சின்னத்துக்கும் புள்ளடி (X) போடுபவர்கள் எந்தத் தேர்தலிலும் உண்டு. ஆனால் ஒன்பது வீதத்தையும் கோபத்தின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தேர்தலுக்கு முந்திய வாரங்களில் கடைக்கு வந்த சனம் என்ன கேட்டது என்பது எனக்குத் தெரியும்.

சந்தியில் சின்னதாக ஒரு கடை. கொப்பி, பேனை, போட்டோக்கொப்பி, ரீலோட், காலையில் பேப்பர். பேப்பர் விற்கிறவனுக்கு ஒரு வசதி இருக்கிறது, யார் எந்தப் பேப்பரை வாங்குகிறார்கள் என்பதோடு எந்தப் பக்கத்தை முதலில் விரிக்கிறார்கள் என்பதும் கண்ணில் படும். வயதானவர்கள் உதயனோ வலம்புரியோ எடுத்த கையோடு மரண அறிவித்தலுக்குப் போவார்கள், தெரிந்த முகம் இல்லை என்று உறுதியான பிறகுதான் நாட்டு நடப்பு. பெடியள் வேலை வெற்றிட விளம்பரத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். காசு தருவதில்லை, சரி, பரவாயில்லை.

அந்த ஒக்டோபரில் ஒரு அம்மா, எனக்குத் தெரிந்தவர், ஓய்வுபெற்றவர், தினமும் பேப்பர் வாங்குபவர், கேட்டார்: "தம்பி, இந்தமுறையும் ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டுதானே போடோணும்?" தமிழரசுக் கட்சிக்குள் யாருக்கும் யாருக்கும் என்ன பிரச்சினை, தலைமைத் தெரிவு எப்படி நீதிமன்றம் வரைக்கும் போனது, இந்தியத் தூதுவர் யாரைச் சந்தித்தார், ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் அடுத்த கூட்டத் தொடர் எப்போது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. என்னை விடக் கூடத் தெரியும். வாக்குச்சீட்டில் என்ன எழுத வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

அவரில் பிழை சொல்ல முடியாது. செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். அதில் ஒரு புள்ளடி போடலாம், அல்லது 1, 2, 3 என்று மூன்று பேருக்கு வரிசைப்படி விருப்பத்தைக் குறிக்கலாம். இரண்டு மாதம் ஆக முன்னம் நாடாளுமன்றத் தேர்தல். அதில் முதலில் கட்சிக்கோ குழுவுக்கோ ஒரேயொரு புள்ளடி, அதன்பிறகு விரும்பினால் கீழே இருக்கிற இலக்கங்களில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்கு. சின்னத்தை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டால் செல்லாது. இரண்டு சின்னத்துக்குப் போட்டாலும் செல்லாது. யாழ்ப்பாணத்தில் அந்தமுறை 44 கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் நின்றன, 6 ஆசனத்துக்கு 396 பேர். சீட்டு எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடி இல்லாமல் போன ஒருவர் தன் சின்னத்தைக் கண்டுபிடிக்கவே பாதி நேரம் போய்விடும், பின்னால் வரிசை நிற்கிறது என்ற பதற்றம் வேறு.

அறிவுறுத்தலே வரவில்லை என்று நான் சொல்லவில்லை. வந்தது. ஆனால் அந்த ஒன்றரை மாதத்தில் வீட்டு வாசலுக்கு எது கூடுதலாக வந்தது என்று பாருங்கள். வேட்பாளர்களின் நோட்டீஸ். ஒரே பட்டியலில் இருக்கும் ஒன்பது பேரும் ஒருவரோடு ஒருவர் போட்டி போடுகிற முறை இது, கட்சி எத்தனை ஆசனம் எடுத்தாலும் அதற்குள் யார் போவது என்பதை விருப்பு வாக்குத்தான் தீர்மானிக்கும். அதனால் ஒவ்வொருவரும் தன்னுடைய இலக்கத்தைத்தான் பெரிதாக அடித்தார். மதிலில் இலக்கம், ஓட்டோவில் இலக்கம், மைக்கில் இலக்கம், வட்ஸ்அப் படத்தில் இலக்கம். கட்சிச் சின்னம் மூலையில் சின்னதாக இருக்கும். மூன்று கிழமை இலக்கம் இலக்கம் என்று கேட்ட மனிசன் மறைப்புக்குள் போய் என்ன தேடுவார்? இலக்கத்தைத்தான். இது என் ஊகம்தான், ஆனால் கடையில் என்னிடம் கேட்டவர்களில் பலருக்கு இலக்கம் மனப்பாடமாக இருந்தது, அதற்கு முதல் சின்னத்துக்குப் போட வேண்டும் என்பதுதான் புதுச் செய்தியாக இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு தேர்தலையும் யாழ்ப்பாணம் பார்த்திருக்கிறது. 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல். பதிவு செய்த வாக்காளர்கள் 701,938, வாக்களித்தவர்கள் 8,524. நூற்றுக்கு 1.2 பேர். அப்போது யூரியூப் இல்லை, வட்ஸ்அப் இல்லை, கைத்தொலைபேசியே எல்லார் வீட்டிலும் இல்லை. அப்படியிருந்தும் புலிகளின் பக்கம் இருந்து வந்த "போகவேண்டாம்" என்ற ஒரு சேதி ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாக, தப்பாமல் போய்ச் சேர்ந்தது. சேர்த்தது நோட்டீஸ் மட்டுமா? விடிய எழும்பி வெளியே எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கேற் பூட்டியிருக்கிறது, எதிர்வீட்டார் வெளிக்கிடவில்லை, சந்தியில் ஆளில்லை. அதற்குமேல் ஒரு அறிவித்தல் தேவையில்லை. பயம் இருந்தது, மெய்யான வெறுப்பும் சிலருக்கு இருந்தது, எது எவ்வளவு என்று இனிப் பிரிக்க முடியாது. ஜெர்மனியில் எலிசபெத் நோயல்-நொய்மன் 1970களில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: தன் கருத்துக்குச் சுற்றிவர ஆதரவு இல்லை என்று படுகிறவர் வாயை மூடிக்கொள்வார், அவர் மூடிக்கொண்டதைப் பார்த்து அடுத்தவரும் மூடிக்கொள்வார், அப்படியே மௌனம் சுருண்டு பெருகும் என்று. அவர் எழுதியது தனித்துப் போய்விடுவோமோ என்ற பயத்தைப் பற்றி. எங்களுடையது அதைவிடப் பெரிய பயம், ஆனாலும் ஓடிய வழி அதுதான். அந்தத் தேர்தலில் மகிந்த ராஜபக்ச வென்றது ஏறத்தாழ 180,000 வாக்கு வித்தியாசத்தில். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள் இருந்தவர்களின் தொகையோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு சின்னது என்பதை இப்போதும் கடைக்கு வரும் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பேப்பரின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். 1968 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது மக்கோம்ஸ், ஷோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் வட கரோலினாவின் சப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்குப் போடுவது என்று இன்னும் தீர்மானிக்காத 100 வாக்காளர்களிடம், நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அந்த நாட்களில் அவர்களுக்குக் கிடைத்த பத்திரிகையும் தொலைக்காட்சியும் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்றும் தனியாக எண்ணினார்கள். இரண்டு வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. என்ன முடிவெடுப்பது என்பதைப் பேப்பர் சொல்லித்தருகிறதோ இல்லையோ, எதைப் பற்றி யோசிப்பது என்பதை அது சொல்லித்தருகிறது. எங்கள் பேப்பர்களின் முன்பக்கத்தை ஒரு மாதத்துக்கு அடுக்கி வைத்துப் பாருங்கள். காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், ஜெனிவா, மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தம், இந்திய இழுவைப்படகு, கட்சிக்குள் பிளவு. எங்கள் பிரதேச சபை இந்த ஆண்டு சோலைவரியாக எவ்வளவு அறவிட்டது, அதில் எவ்வளவு குப்பை அள்ளப் போனது, வாய்க்கால் ஏன் இந்த மாரிக்கும் துப்புரவாகவில்லை என்பதெல்லாம் வந்தால் உள்பக்கத்தில் நாலு வரி வரும்.

இதைச் சொல்லிவிட்டுப் பேப்பர்காரரைத் திட்டுகிற ஆள் நான் இல்லை. 1841இல் அமெரிக்க மிஷனரிகள் உதயதாரகை அச்சடித்த ஊர் இது, அன்றிலிருந்து பேப்பர் நடத்துவது இங்கே சும்மா தொழிலாக இருந்ததில்லை. 1981இல் பொது நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு அலுவலகத்தையும் எரித்தார்கள். அது நடந்தது மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நேரம் என்பதை இளையவர்கள் பலர் அறிவதில்லை. 2000 ஒக்டோபரில் தேர்தல் முறைகேடுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜனை ஊரடங்கு நேரத்தில் அவர் வீட்டில் வைத்தே சுட்டார்கள். 2006 மே 2ஆம் திகதி உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் இரண்டு ஊழியர்கள் செத்தார்கள். உயிர் போகிற செய்தியை எழுதிப் பழகிய கைக்கு வாய்க்கால் செய்தி சின்னதாகத் தெரிவது இயல்பு. வாங்குகிற சனமும் அப்படித்தான், முன்பக்கத்தில் வாய்க்கால் போட்ட அன்று எனக்கு மிச்சம் கூட வரும். ஆனால் அந்த வழக்கத்தின் விலை இதுதான்: பேப்பர் வாசிப்பவருக்குக் கொழும்பும் டில்லியும் ஜெனிவாவும் தெரியும், தன் வட்டாரத்து உறுப்பினர் யார் என்று கேட்டால் முழிப்பார்.

என் சின்ன வயது ரேடியோக் காலத்தை நினைத்தால் ஒன்று விளங்குகிறது. 1990க்குப் பிறகு கரண்ட் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோ கேட்டோம். இரவில் பிபிசி தமிழோசை, வெரித்தாஸ், கொழும்பு வானொலி, புலிகளின் குரல். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தி நடுவில் இழுபட்டு நின்றுவிடும், "டேய் சுத்தடா" என்று நாலு பேர் கத்துவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெரிய படிப்பும் படிக்காதவர்கள்கூடச் செய்தியை அளந்து பார்ப்பார்கள். இத்தனை பேர் செத்தார்கள் என்று கொழும்பு ஒரு தொகை சொல்லும், புலிகள் ஒரு தொகை சொல்வார்கள், தமிழோசை இரண்டையும் சொல்லிவிட்டு உறுதிப்படுத்த முடியவில்லை என்று முடிக்கும். கொழும்பு சொன்னதில் பாதியைக் கழி, இவர்கள் சொல்லாமல் விட்டதைக் கூட்டு, இடம் எது என்று பார், அங்கே உள்ள ஆஸ்பத்திரிக்கு யார் போய் வந்தது என்று கேள். ஊடக அறிவு என்று இப்போது வகுப்பு எடுக்கிறார்களே, அதை நாங்கள் ஒரு சைக்கிள் சில்லைச் சுற்றிக்கொண்டு படித்தோம். எந்த நிலையம் யாருடையது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான் அது சாத்தியமானது. குரலைக் கேட்டவுடனேயே எவ்வளவு கழிக்க வேண்டும் என்று தெரியும்.

போனில் அந்த வசதி இல்லை. ஒரு குரல்பதிவு வருகிறது. பேசுகிறவர் யாரென்று தெரியாது, எந்த நாட்டில் இருந்து, எப்போது பேசியது என்றும் தெரியாது. ஆனால் அனுப்பியது ரொறன்ரோவில் இருக்கிற மச்சான். அல்லது பாரிஸ் சித்தப்பா. அல்லது ஊர் ஒன்றியத்துக் குறூப். ஆக, செய்திக்கு நிலையம் இல்லை, உறவு மட்டும்தான் இருக்கிறது, உறவில் எவ்வளவைக் கழிப்பது? மச்சான் பொய் சொல்லமாட்டார். மெய்தான், மச்சான் சொல்லவில்லை, மச்சான் அனுப்பினார். ஒரே பதிவு மூன்று குறூப்பில் இருந்து வந்தால் மூன்று பேர் தனித்தனியாகச் சொன்ன மாதிரி மனம் எடுத்துக்கொள்கிறது. திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று மெய் போலத் தோன்றத் தொடங்கும் என்பதை 1977இலேயே பரிசோதித்துக் காட்டிவிட்டார்கள், அப்போது போனும் இல்லை குறூப்பும் இல்லை.

இதில் புலம்பெயர்ந்தவர்கள் மேல் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு, எழுதிவிடுகிறேன். வோட்டு இல்லாதவர்கள்தான் வோட்டு யாருக்கு என்று மிக உறுதியாகச் சொல்கிறார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள், காசும் அனுப்புகிறார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் அங்கிருந்து வந்த ஆயிரம் பதிவில் ஒன்றுகூட "அம்மா, முதலில சின்னத்துக்குப் போடுங்கோ" என்று சொல்லி நான் கேட்கவில்லை.

1940இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈரி என்ற மாவட்டத்தில் பவுல் லசர்ஸ்பெல்டும் அவருடைய கூட்டாளிகளும், ரூஸ்வெல்ற் வில்கி தேர்தல் நேரம், ஒரே ஆட்களை மாதா மாதம் போய்ச் சந்தித்து, ரேடியோவும் பேப்பரும் எப்படி மனதை மாற்றுகின்றன என்று பார்க்கப் போனார்கள். மாறியவர்கள் கொஞ்சப் பேர். மாறியவர்களும் ரேடியோவைவிட, பேப்பரைவிட, தெரிந்தவர்கள் சொன்னதைத்தான் கூடச் சொன்னார்கள். ஊரில் சிலர் நிறைய வாசிக்கிறார்கள், நிறையக் கேட்கிறார்கள், மற்றவர்களுக்கு அவர்கள் வழியாகத்தான் போய்ச் சேர்கிறது என்று எழுதினார்கள். எங்களுக்கு இதை ஆராய்ச்சி செய்து சொல்லத் தேவையில்லை, வாசிகசாலைத் திண்ணையில் பேப்பரை உரக்க வாசித்து அர்த்தமும் சொன்ன வாத்தியார் எல்லா ஊரிலும் இருந்தார். அவரோடு மறுத்துக் கதைக்கலாம். நாளைக்கும் அதே திண்ணையில் இருப்பார், பிழை சொன்னால் முகத்துக்கு நேரே கேட்கலாம். யூரியூப்பில் தலைப்பை உரக்க வாசித்து அர்த்தம் சொல்கிற தம்பியும் அதே வேலையைத்தான் செய்கிறார், ஆனால் அவரைத் திண்ணையில் பிடிக்க முடியாது, அவருக்கு எவ்வளவு நேரம் நீங்கள் பார்த்தீர்கள் என்பதில்தான் வருமானம்.

அதேநேரம் போன் வழியாக வந்த அரசியலை மட்டமாகச் சொல்லவும் முடியாது. 2024 ஜூலையில் மருத்துவர் இராமநாதன் அர்ச்சுனா சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை விவகாரத்தை முகநூல் நேரலையில் பேசினார், நவம்பரில் சுயேச்சைக் குழு 17இல் ஊசிச் சின்னத்தோடு நாடாளுமன்றம் போனார். அவரைப் பிடிக்கிறதா இல்லையா என்பது உங்கள் பாடு. கட்சிக் கிளை, மேடை, ஆசிரிய தலையங்கம் என்ற பழைய படிக்கட்டு இல்லாமல் ஒருவர் நாலு மாதத்தில் எம்.பி. ஆகலாம் என்பதை யாழ்ப்பாணம் அன்று பார்த்தது. அதோடு, ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது என்பது பல வருடங்களுக்குப் பிறகு முன்பக்கச் செய்தி ஆனது. நான் மேலே சொன்ன வாய்க்கால் செய்தியின் பக்கத்துச் செய்திதான் அது.

இன்னொரு கணக்கு. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற அநுர குமார திசாநாயக்கவுக்கு யாழ்ப்பாணத்தில் விழுந்தது 27,086. நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு 80,830. அதே செப்டெம்பரில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்குக்கு 116,688 விழுந்தது, நவம்பரில் சங்குச் சின்னத்தில் நின்ற கூட்டணிக்கு அதில் ஐந்தில் ஒன்றுதான் வந்தது. 54 நாளில் எந்தத் தலையங்கம் இதைச் செய்தது? எதுவும் இல்லை. வென்ற பக்கம் சாய்வது ஒன்று. தமிழ்க் கட்சிகள் ஒன்றையொன்று கிழித்தது இன்னொன்று. நவம்பர் முதலாம் திகதி, 1990இல் இருந்து மூடிக்கிடந்த பலாலி அச்சுவேலி வீதியைத் திறந்தார்கள். அந்த வீதியில் சைக்கிளிலும் மோட்டார்சைக்கிளிலும் போன சனம் போனைத் தூக்கிப் பிடித்து எடுத்த வீடியோ எத்தனை என்று எண்ண முடியாது, எனக்கே நாலைந்து வந்தது. யாரும் வோட்டுக் கேட்கவில்லை அதில். "இஞ்ச பாருங்கோ, எங்கட பழைய வீட்டுக்குப் போற ரோட்டு" என்றுதான் சொன்னார்கள். அந்தமுறை வந்த எல்லாப் பிரசாரத்திலும் வலுவானது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் முடிவு வந்தது, யாழ்ப்பாணமே மாறிவிட்டது என்று உலகம் முழுக்கப் பேச்சு. தெற்கின் கட்சி ஒன்று முதலிடத்துக்கு வந்தது முதல் தடவை, அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 80,830 என்பது செல்லுபடியான வாக்கில் நூற்றுக்கு 24.85. நாலில் ஒரு பங்கு. ஆசனமோ ஆறில் மூன்று. எப்படி? மாவட்டத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம், அது தவிர 5 வீதம் எடுக்காத கட்சிகளும் குழுக்களும் கணக்கிலேயே வரமாட்டா, அவர்களுக்குப் போட்ட வாக்கைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பங்கிடுவார்கள். 44 பட்டியலில் ஆறுதான் 5 வீதத்தைத் தாண்டின. அப்படிக் கழிபட்டுப் போனது 80,000க்கும் மேல், அதாவது முதலாவதாக வந்த கட்சி எடுத்ததைவிடக் கூட. இதையும் நிராகரிக்கப்பட்ட 32,767ஐயும் கூட்டிப் பாருங்கள். இந்தச் சின்னக் கணக்கு தெரிந்திருந்தால் 21 சுயேச்சைக் குழு முளைத்தபோதே சனம் யோசித்திருக்கும். எனக்குத் தெரிந்து இதைச் சனத்துக்குப் படம் போட்டு விளக்கியவர்கள் அபூர்வம். துரோகமா, மாற்றமா என்ற விவாதம் மட்டும் மாதக்கணக்கில் ஓடியது. அதற்குப் பிறகு 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில், ஆறு மாதம் ஆவதற்குள், தமிழரசுக் கட்சி பல சபைகளில் மறுபடி முன்னுக்கு வந்தது. நவம்பரில் யாழ்ப்பாணம் மாறிவிட்டது என்று எழுதியவர்கள் மே மாதத்தில் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டது என்று எழுதினார்கள். நாலில் ஒரு பங்கு ஊர் எப்படி முழு ஊராகும் என்று இரண்டு தடவையும் கேட்க ஆளில்லை.

சரி, என்ன செய்வது என்று கேட்டால் எனக்குப் பெரிய திட்டம் ஒன்றும் கிடையாது. 2010இல் அமெரிக்க கொங்கிரஸ் தேர்தல் அன்று பேஸ்புக்கில் 61 மில்லியன் பேரை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. சிலருக்கு "இன்று வாக்களிப்பு நாள்" என்ற தகவல் மட்டும் காட்டினார்கள், பெரும்பாலானவர்களுக்கு அதோடு, வாக்களித்துவிட்டோம் என்று சொன்ன அவர்களுடைய நண்பர்களின் முகங்களையும் காட்டினார்கள். தகவல் மட்டும் பார்த்தவர்களுக்கும் ஒன்றும் பார்க்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. முகம் பார்த்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் போனார்கள், மொத்தத்தில் ஏறத்தாழ 340,000 வாக்கு இதனால் கூடியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். தேர்தல் ஆணைக்குழுவின் விளம்பரம் ஏன் கடைக்கு வந்த அந்த அம்மாவிடம் போய்ச் சேரவில்லை என்பதற்கு எனக்கு இதுதான் பதில். அது சரியாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கு முகம் இல்லை. இலக்கம் சொன்னவருக்கு முகம் இருந்தது, படலை திறந்து வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

2025 மே தேர்தலுக்கு நான் ஒரு சின்ன வேலை செய்தேன். அது மூன்றாவது முறை: வட்டாரமும் விகிதாசாரமும் கலந்தது, சீட்டில் கட்சியோ குழுவோ மட்டும்தான், ஒரேயொரு புள்ளடி, இலக்கம் இல்லை, ஒன்று இரண்டு மூன்று இல்லை. எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல், மூன்று விதமாய் எழுத வேண்டும். ஒரு அரைத்தாளில் பெட்டி கீறி, அ, ஆ, இ என்று பெயர் போட்டு, ஒன்றில் புள்ளடி போட்டு, இது செல்லும், இது செல்லாது என்று எழுதிப் போட்டோக்கொப்பி அடித்துப் பேப்பருக்குள் மடித்து வைத்துக் கொடுத்தேன். "நீ ஆற்ற ஆள்?" என்று ஒரு ஐயா கேட்டார். ஒருவருடைய ஆளும் இல்லை என்று சொன்னால் நம்பவில்லை, தாளைத் திருப்பித் திருப்பிச் சின்னம் தேடினார். சனசமூக நிலையத் தலைவரிடம் கொடுத்தபோது அவர் பேசாமல் வாங்கி அறிவித்தல் பலகையில் குத்தினார், அங்கே பேப்பர் பார்க்க வருகிற நாலைந்து பேர் பின்னேரம் அதன் கீழே நின்று வாதாடியதைக் கண்டேன். அவர்களில் ஒருவர் என் அரைத்தாளை வைத்து இன்னொருவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார், போன மாதம்வரை அவரும் தெரியாமல் இருந்தவர்தான்.

அடுத்தது மாகாண சபை. வட மாகாண சபைக்கு 2013இல் ஒரு தடவை வாக்களித்தோம், 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, இதை எழுதும்வரை தேர்தல் இல்லை. 2017இல் சட்டத்தை மாற்றினார்கள், எல்லை பிரித்த அறிக்கை நாடாளுமன்றத்தில் தோற்றது, அதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பழைய முறைக்கே போனால் விருப்பு வாக்கு வரும், கலப்பு முறை என்றால் வராது. எது என்று முடிவானால் அரைத்தாளைத் திரும்ப எழுத வேண்டும், இந்தமுறை எழுத்தை இன்னும் பெரிதாக, அந்த ஐயா தேடாத மாதிரி தாளின் தலையிலேயே "இது எந்தக் கட்சியினதும் அல்ல" என்று போட்டு. பக்கத்துச் சந்திகளில் பேப்பர் விற்கிற கடைக்காரர் யாராவது இதை வாசித்தால் சொல்லுங்கோ, கொப்பி அடித்துத் தருகிறேன்.